வாசிக்கக் கேட்டுப் போட்ட கையெழுத்து

மருந்துக் கிடங்கில் அவளுக்குக் 'கழுகுக்கண்' என்று பெயர். பதினைந்து வருடமாகச் சரக்கு சரிபார்க்கும் வேலை. எதிரே உட்கார்ந்து கணவன் பட்டியலை வாசிப்பான். அவள் பெட்டியைப் பார்ப்பாள். பெயரும் தேதியும் பொருந்தினால் "அடுத்தது" என்பாள். ஒரு நாளைக்கு எண்ணூறு தடவையாவது சொல்வாள். எந்த மருந்து, யாருக்கு என்ன நோவு என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அந்த மேசையில்தான் இருவரும் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கடைசி இரண்டு வருடம் பட்டியலைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பிரிவது என்று முடிவானபோது யாரும் கத்தவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பதினொரு வயது மகள் தன்னோடு இருக்க வேண்டும். அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளை தாயிடம்தானே இருக்கும், இதையுமா கேட்டு வாங்குவார்கள் என்று இருந்துவிட்டாள்.

அவளுடைய அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஃபோனில் பிடிபிடியென்று பிடித்தாள்.

"ஏண்டி, ஒரு வக்கீலைப் பாருடி. அவனே எழுதி அவனே நீட்டுவான், நீ கையெழுத்துப் போடுவியா?"

"வக்கீல் வந்தா சண்டை வரும்க்கா. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"பேப்பர் வர்ற வரைக்கும் எவனும் அப்படிப்பட்ட ஆள் இல்லடி."

ஒரு வக்கீலம்மாவின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, கூப்பிடவா வேண்டாமா என்று இரண்டு நாள் அல்லாடினாள். வக்கீலிடம் போனால் அவனைப் பற்றி நாலு குறை சொல்ல வேண்டுமே என்று கூச்சம். குறை இல்லாமலா பிரிகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். மனசு அப்படித்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், தனியே போய்த் தங்கியிருந்த அவன் விவாகரத்து மனுவோடு வந்தான். அவளிடம் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு, "வாசிக்கிறேன், பார்த்துக்க" என்றான். கிடங்கில் வாசிக்கும் அதே இழுவை. பெயர், வயது, கல்யாணத் தேதி. அவள் கண் வரிகளில் ஓடியது. எல்லாம் பொருந்தியது. வாய் தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. வீட்டுச் சாமான் அவளுக்கு. அடுத்தது. ஸ்கூட்டர் அவனுக்கு. அடுத்தது. மகள் தந்தையின் பொறுப்பில். தாய் ஞாயிறுதோறும் வந்து பார்க்கலாம். அடுத்தது. கடைசியில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்தும் போட்டாள். அவன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்து, "திங்கக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டுப் போக வர்றேன்" என்று அவன் ஃபோன் செய்தபோதுதான் அவள் நகலை எடுத்துப் படித்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வக்கீலம்மாவிடம் ஓடினாள்.

"உங்களை ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டார்னு எழுதலாமா?" என்றாள் வக்கீலம்மா.

"ஏமாத்தலைங்க. ஒரு எழுத்து விடாம வாசிச்சாருங்க."

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னாள். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சரி, ஒரு வழி இருக்கு. பொண்ணு யார்கிட்ட இருக்க ஆசைப்படுதுன்னு ஜட்ஜ் கேட்பாரு. அவ உங்க பக்கம் சொன்னாப் போதும். கேட்டுட்டு வாங்க, கேஸை எடுத்துக்கிறேன்."

வீட்டில் மகள் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா ஒரு வக்கீலைப் பார்த்தேன்டா. ஜட்ஜ் கேட்டா, அம்மாகூடத்தான் இருப்பேன்னு சொல்லுவியா?"

மகள் நிமிரவில்லை.

"அன்னைக்கு நான் உள் ரூம்லதான் இருந்தேன்மா. என்னைப் பத்தி வந்ததும் நீ நிறுத்துவேன்னு பார்த்தேன். ஸ்கூட்டருக்குச் சொன்ன மாதிரியே சொல்லிட்டுப் போயிட்ட."

பழக்கம் என்று சொல்லலாம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? மகள் பெட்டியை மூடிவிட்டு, ஒட்டுவதற்கு டேப் வேண்டும் என்றாள். அவள் எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தாள்.