குழிக்குத் தண்ணி ஊத்துனியளா?

வயர் வாங்கப் போன அருள்ராஜ் திரும்பவில்லை; கடைக்காரரின் போன்தான் வந்தது. "அண்ணாச்சி, ஒங்க கூட்டாளி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இங்கனயே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம், வெரசா வாங்க" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சங்கரன்கோவிலில் நாங்கள் இருவரும் சேர்ந்து வயரிங் செய்யாத தெரு இல்லை. இனி ஏணியைப் பிடிக்க யாரைக் கூப்பிடுவது என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயையும் தெரியும். வேலை செய்த வீட்டு வழியாக எப்போது போனாலும் பைக்கை நிறுத்தி, "குழிக்குத் தண்ணி ஊத்துனியளா?" என்று கத்துவார். எர்த் கம்பி இறக்கிக் கரியும் உப்பும் போட்ட குழியைத்தான் கேட்பார். அது காய்ந்துபோனால் கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்காது; தொட்ட ஆளைத்தான் அடிக்கும். நம் ஊர் மண்ணோ கோடையில் வாய் பிளந்து கிடக்கும். "விடிஞ்சதும் குழி குழிங்கீரே, வேற வார்த்தை கெடைக்கலயா வே?" என்று நானே திட்டியிருக்கிறேன். "அந்தக் குழி காஞ்சா, நமக்குக் குழி வெட்டணும் வே" என்று சிரிப்பார்.

சில மாதங்களுக்கு முன் கோமதி அக்கா வீட்டில் கரண்ட் அடுப்பு மாற்றப் போனோம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்கு வாசனையே தெரிவதில்லை. கேஸ் கசிந்தாலும் தெரியாது. பழைய கரண்ட் அடுப்பும் பழுதானதும், சென்னையிலிருக்கும் மகன் கூடவே வந்துவிடச் சொன்னார். அக்கா கெஞ்சித்தான் புது அடுப்பு வந்தது. இதிலும் ஏதாவது ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அருள்ராஜ் பழைய இணைப்பைக் கழற்றினார். மிக்சிக்குப் போட்ட மெல்லிய வயரிலேயே அடுப்பும் ஓடியிருக்கிறது. எர்த்துக்கான பச்சை வயர் பேருக்கு நீட்டிக்கொண்டிருந்தது; மறுமுனை எங்கும் போகவில்லை.

"பாத்திரத்தத் தொட்டா அப்பப்ப சுருக்குங்கும் தம்பி. மகன்ட்ட சொன்னா கூட்டிட்டுப் போயிருவான்லா" என்றார் அக்கா.

அருள்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தனி லைன் வேண்டும் என்று போனில் சொன்னதற்கு அக்காவின் மகன், "இருக்கிற லைன்லயே மாட்டிருங்க" என்றார். "அடுப்பு சூடாகணும் தம்பி, சுவரு சூடாகப்படாது" என்று போனை வைத்துவிட்டு, மெயின் போர்டிலிருந்து தடித்த வயரில் தனி லைன் இழுத்தார். பிறகு கொல்லையில் குழி தோண்டினார். இடையிடையே மூச்சு வாங்க உட்கார்ந்தார். கடப்பாரையை நான் வாங்கப் போனால், "நீரு தோண்டி என்னைக்கு முடிக்க? தள்ளும் வே" என்றார். அன்று புது அடுப்பில் அக்கா போட்ட காப்பியை இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். அதற்குப் பிறகு குழி என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. போன வாரம் கோமதி அக்கா வீட்டு முன்னால் பைக்கை நிறுத்தினேன். பைக் சத்தம் கேட்டு அக்காவே வாசலுக்கு வந்தார்.

"ஊத்திட்டேன் தம்பி" என்றார். கையில் ஈர வாளி இருந்தது. "கேக்கத்தான் ஆளில்ல."

அருள்ராஜின் டெஸ்டரை அவர் மகள் எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கேள்வி போதும். அடுத்த தெருவில், நாங்கள் வேலை செய்த இன்னொரு வீட்டின் முன் நிறுத்திக் கத்தினேன். குரல் பாதியில் உடைந்துவிட்டது. உள்ளே யாரோ வாளியை எடுக்கும் சத்தம் கேட்டது.