மாடியில் மீட்டிங்கில் இருந்தவர்

பழைய கிரேக்கக் காவியம் ஒன்றில், போருக்குப் போன கணவனுக்காக இருபது வருடம் காத்திருக்கும் மனைவி ஒருத்தி வருகிறாள். என் மகளுக்கு நைன்த் கிரேடில் அது பாடம். பத்தினி என்றால் அந்த ஊரில் இவளைத்தான் கை காட்டுவார்களாம். நான் காத்திருந்தது பதினொரு மாதம்தான். அதற்குள்ளேயே என் வீட்டில் நடந்ததை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று என் கணவர் இரண்டு வார லீவில் சென்னை போனார். போன கையோடு, அமெரிக்கா திரும்பி வரத் தேவையான விசா ஸ்டாம்பிங்கையும் முடித்துவிடலாம் என்பது திட்டம். இங்கே ஃபிரிஸ்கோவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படிச் செய்பவர்கள்தான். தூதரக இண்டர்வியூவில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மேல் பரிசீலனை இருக்கிறது, காத்திருங்கள் என்று ஒரு ஸ்லிப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தனி விசா. அதனால் என் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையும் மகளின் பள்ளியும் வீடும் இங்கே, அவர் மட்டும் அங்கே என்று ஆனது.

கோயிலில் பழக்கமான ஆன்ட்டி ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "அவரு இங்க இல்லைன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத. வயசுப் பொண்ண வேற வெச்சிருக்க. அவரோட ஷூவ எடுத்து வாசல்ல போட்டு வை. உள்ள ஆம்பள இருக்காருன்னு பாக்கறவனுக்குத் தெரியணும்" என்றார்.

நம்மவர்கள் வீட்டு வாசலில் செருப்பு கிடப்பது புதிதா என்ன? போட்டு வைத்தேன். ஆனால் ஒரே ஷூ ஒரே இடத்தில் கிடந்தால் குட்டு உடைந்துவிடாதா? ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் என் பிழைப்பு, மூளை சும்மா இருக்குமா. ஒரு நாள் ஷூ, மறுநாள் சாண்டல்ஸ் என்று மாற்றினேன். சில காலைகளில் ஷூவைப் புல்வெளி ஈரத்தில் அழுத்தி, சேறோடு கொண்டுவந்து வைத்தேன். அவர் காரையும் கராஜுக்கும் டிரைவ்வேக்குமாக மாற்றி மாற்றி நிறுத்தினேன்.

வசந்தத்தில் ஆலங்கட்டி மழை வந்தது. அது ஓய்ந்த மறுநாளே, ஆலங்கட்டி அடித்த கூரையை மாற்றித் தருகிறோம் என்று தொப்பியும் டேப்லெட்டுமாக ஆட்கள் வீடு வீடாகக் கிளம்பிவிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: வீட்டுக்காரர் இருக்கிறாரா? நான் கதவைத் திறக்காமல், காலிங் பெல் ஸ்பீக்கர் வழியாக ஆங்கிலத்தில் சொல்வேன்: "என் கணவர் மாடியில் மீட்டிங்கில் இருக்கிறார், பிறகு வாருங்கள்." காவியத்து மனைவியின் வீட்டிலும் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, எங்களில் ஒருவனைக் கட்டிக்கொள் என்று நச்சரிக்கிறார்கள். மாமனாரின் சவத்துக்குப் போர்த்தத் துணி நெய்கிறேன், முடியட்டும் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பிரித்துப் போட்டே அவள் வருடக்கணக்கில் கடத்துகிறாள். என் வாசலுக்கு வந்தவர்களுக்கு என் கூரை மேல்தான் ஆசை. ஆனாலும் நான் சொன்ன பொய்யும் ஓயாமல் ஓடியது.

எப்போது அது எனக்கே உண்மையானது என்று தெரியவில்லை. ஒரு மதியம் சட்னிக்கு மிக்ஸியை ஓட விட்டு, அதன் மேல் டவலைப் போட்டு மூடியிருந்தேன். மாடியில் மீட்டிங் நடக்கிறதே என்று! இன்னொரு நாள் இரண்டாவது டம்ளர் காபியோடு பாதிப் படி ஏறிய பிறகுதான் உறைத்தது. மேலே நாற்காலிச் சக்கரம் உருள்வது போலக் கேட்கும். ஏசி குழாய் சத்தம் என்றாள் மகள். இருக்கலாம். எனக்குப் பயமாகவே இல்லை. பயம் வராததை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

மகள் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது எனக்கு மீதிக் கதையைச் சொன்னாள். கணவன் பிச்சைக்காரன் வேஷத்தில் வீடு திரும்புகிறான். அவன்தான் என்று மகனுக்குத் தெரிகிறது, நாய்க்குத் தெரிகிறது, வயதான பணிப்பெண்ணுக்குத் தெரிகிறது. மனைவிக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

"ஏன்டி அவகிட்ட மொதல்ல சொல்லல?" என்று கேட்டேன்.

"ஹி வாஸ் டெஸ்டிங் ஹெர், மா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் வேறு பெண்களோடு தங்கிவிட்டு வந்தவன், இவளைச் சோதிப்பானாம். அதற்கு ஏன் என் மேல் கத்துகிறாய் என்று மகள் சிரித்தாள்.

அந்த வாரம்தான் தவறு நடந்தது. சென்னையிலிருந்து போனில் அவர் விசா தாமதத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். குரல் வீடு முழுக்கக் கேட்டது. "கொஞ்சம் மெதுவா பேசுங்க, மேல அவரு மீட்டிங்ல இருக்காரு" என்றேன்.

"யாரு?" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். சிரித்தார். ஆனால் அடுத்த சில நாட்களில் மகளை வீடியோ காலில் அழைத்து, வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். வாசலில் சேறு காயாத ஷூவைப் பார்த்துவிட்டு, "என் ஷூவ யாரு போடறா?" என்றார். அம்மாதான் அப்படிச் செய்து வைப்பாள் என்று அவள் சொன்னாள். "ஓ" என்றார். அந்த "ஓ" எனக்குச் சுருக்கென்றது. பிறகு நேரம் கெட்ட நேரத்தில் கால் வர ஆரம்பித்தது. இன்னொரு முறை விளக்கினேன். மூன்றாவது முறை விளக்கினால் அது வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். விசா வருமா என்ற கவலை போய், வருபவர் என்னை நம்பி வருவாரா என்பதே என் கவலையாகிவிட்டது.

மே மாதம் விசா வந்தது. சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வியாழன் மதியம், மகள் பள்ளியில் இருந்த நேரம், காலிங் பெல் அடித்தது. பெல்லில் இருக்கும் கேமரா வழியாகப் போன் திரையில் பார்த்தேன். தொப்பி, முதுகில் பை, மீசையில்லாத ஒல்லி ஆள். இன்னொரு கூரைக்காரன் என்று நினைத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். என் கணவர் மாடியில் மீட்டிங்கில் இருக்கிறார், பிறகு வாருங்கள்.

அந்த ஆள் நகரவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு கேமராவை நேராகப் பார்த்தார். மழுமழுவென்று மொட்டை. "நான்தான்" என்றார்.

விசா கிடைத்தால் பழனியில் முடி கொடுப்பதாக வேண்டுதலாம். மீசையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மீசையில்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. "சர்ப்ரைஸ்" என்றார். ஆனால் அவர் கண் என்னைத் தாண்டி மாடிப்படிக்குப் போனது. கார்பெட்டில் ஷூ பட்டாலே கத்துகிற மனிதர், ஷூவோடு படியேறினார். ஆபீஸ் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பெட்ரூம். பிறகு துணி அலமாரி. பாத்ரூமில் ஷவர் திரையை இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. நான் கீழே படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"யாரும் இல்ல" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். சொன்னதும் அப்படி ஓர் அழுகை வந்தது. தன்னால்தான் அழுகிறேன் என்று நினைத்து, "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் திருத்தவில்லை.

அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன். நல்ல மனிதர், மீசையும் பழையபடி வளர்ந்துவிட்டது. மதியங்களில் இப்போது நிஜமாகவே மாடியில் மீட்டிங் நடக்கிறது, நான் மிக்ஸியை மூடுவதில்லை. பதினொரு மாதம் அந்த மாடியில் இருந்தவரோ என்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.