காத்திருப்போர் அறையில் ஒன்பதாம் அத்தியாயம்

பல்வலிக்காரர்களைப் போலக் கறாரான வாசகர்கள் கிடையாது. இதை அவள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள்.

ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் அவளுக்குப் பதினான்கு வருட வேலை. டோக்கன் கொடுப்பாள், கூப்பிடுவாள், போனை எடுப்பாள். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஆஸ்பத்திரி மூடியிருக்கும். வீட்டுக்குப் போய் வர பஸ் தோதுப்படாது. கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்த கம்ப்யூட்டரில் எதையோ அடிக்கத் தொடங்கினாள். அது ஒரு நாவல் என்று அவளுக்கே தெரிய ஒரு வருடம் ஆயிற்று.

ஒருநாள் பிரிண்ட் எடுத்த ஐந்தாறு பக்கங்களைப் பழைய பத்திரிகைகளோடு மறந்து வைத்துவிட்டாள். கன்னம் வீங்கிப் போயிருந்த ஓர் ஆள் அதை எடுத்துப் படித்தார். டோக்கனைக் கூப்பிட்டாள். தலை நிமிராமல் ஒரு விரலைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்மா."

பல்வலியில் மூன்று நாள் தூங்காத மனுஷன். அவர் பக்கத்தைப் புரட்டுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் பெயர் போடாமல், ஸ்டேப்ளர் பின் அடித்து, பத்திரிகைகளுக்கு நடுவே செருகி வைத்தாள். முதல் கூப்பிடலிலேயே எழுந்து போனால் அத்தியாயம் தோல்வி. இரண்டாவதில் எழுந்தால் பரவாயில்லை. மூன்றாவதும் கூப்பிட வைத்துவிட்டால் அன்று அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தபடி வருவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். நிலாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் உருகி எழுதியிருந்தாள். ஏழு பேர் அதை ஒரே மாதிரி, எச்சில் தொட்டுப் புரட்டிவிட்டுப் போனார்கள். எட்டாவது ஆளுக்கு நிலா இல்லை.

"ஏம்மா, இப்பல்லாம் கூப்பிட்டா யாரும் வர மாட்டேங்கறாங்களே, என்னைப் பாத்து பயமா?" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் இல்ல டாக்டர். ஃபேன் காத்து அங்க நல்லா வருது."

நாவல் முடிந்ததும் ஒரு பதிப்பாளரிடம் கொண்டுபோனாள். முன்பக்கம் நோட்டும் பேனாவும் விற்கிற கடை. பின்னறையில் அவர் மூன்று மாதத்துக்கு ஒரு சிறுபத்திரிகையும் வருடத்துக்கு நாலு புத்தகமும் போடுகிறவர். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எல்லாரும் உயிரோட இருக்காங்க. அந்த நாத்தனார் மட்டும் அட்டையில வெட்டின மாதிரி இருக்கா. வர்றா, முறைக்கிறா, போறா. ஒன்பதாம் அத்தியாயத்தத் திருப்பி எழுதுங்க."

"கொஞ்சம் மாத்தினா போதுமா சார்?"

"நீங்க அவளப் பாத்துப் பயப்படறீங்கம்மா. எழுத்துல தெரியுது. மாசக் கடைசிக்குள்ள குடுத்தீங்கன்னா அச்சுக்குப் போயிடும். இல்லேன்னா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் நான் கடைய மூடாம இருந்தா."

அவர் சொன்னது சரி. நிஜ நாத்தனார் அவள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். கணவனின் அக்கா. கல்யாணமாகி வந்த முதல் மாதம், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருக்க, இவள் சுவரில் சாய்ந்து ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அதைக் கையிலிருந்து பிடுங்கினாள். சாயங்காலம் பார்த்தால், ஆடிக்கொண்டிருந்த பீரோவின் காலுக்கு அடியில் புத்தகம். பத்தொன்பது வருடமாக அதைச் சுற்றித்தான் பெருக்குகிறாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அதை எழுத வந்தவள், நாத்தனார் புத்தகத்தைப் பரண்மேல் வைத்ததாக எழுதிவிட்டாள். மூன்று தடவை திருத்தினாள். மூன்று தடவையும் பரண்தான். காத்திருப்போர் அறையில் அதைப் படித்தவர்கள் முதல் கூப்பிடலிலேயே எழுந்தார்கள். கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவர்கூடத் துள்ளி எழுந்தார்.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது நாத்தனாருக்குப் பல்வலி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிட்டு இவள் டாக்டர் அறைக்குள் போனாள். ஒரு பழைய சீட்டைத் தேடி எடுத்து வெளியே வந்தபோது, நாத்தனார் கையில் ஒன்பதாம் அத்தியாயம் இருந்தது.

"அண்ணி, உங்க டோக்கன்."

எழுந்திருக்கவில்லை.

"அண்ணி!"

அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் எழுந்து, காகிதங்களை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது ஊசி போட்டு வாய் ஒருபக்கம் மரத்திருந்தது. ஒரு பார்வை பார்த்தாள். போய்விட்டாள்.

இவள் தன் கணவனுக்கு போன் போட்டாள். அவன் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். யார் வீட்டிலோ பின்பக்க மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா படிச்சிட்டாளா? எது, அந்தப் பால் பொங்கறதா?"

"ஆமாங்க. வாய் மரத்திருக்கு, அதனால ஒண்ணும் சொல்லல."

"மரப்பு இறங்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்ப நமக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றான் அவன்.

அன்று மாடியிலிருந்து சத்தமே வரவில்லை. அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். எடுத்தால் நாவலுக்கு இடுப்பு இருக்காது. எடுக்காவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு படி ஏறி இறங்கிப் பேச முடியாது.

காலையில் நாத்தனார் இறங்கி வந்தாள். கன்னத்தில் கை. காகிதங்களை மேஜைமேல் போட்டாள்.

"இது யாருடி?"

"கதைதான் அண்ணி. சும்மா…"

"சும்மாவா? கீல் போன ஜன்னல் எங்க வீட்ல மட்டும்தான் இருக்கு. சாத்தவே வராது, அதக்கூட எழுதியிருக்க. நான் பரண்லயா வெச்சேன்?"

கணவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பீரோ காலுக்குக் கீழ வெச்சேன். ஏன் எழுதல? பயமா? நீ எழுதினதப் பாத்தா நான் என்னமோ நோஞ்சான் மாதிரி இருக்கேன். அதுவும் முழுசா வைக்கல, தெரியுமா? முழுசா வெச்சா பீரோ இந்தப் பக்கம் சாஞ்சுது. ரெண்டா கிழிச்சேன்."

"கிழிச்சீங்களா!"

"பின்பாதிய அடியில குடுத்தேன். முன்பாதி மேல என்கிட்ட இருக்கு."

"எதுக்கு அண்ணி?"

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். "படிச்சேன்," என்றாள். "நாலஞ்சு தடவை. கதையில வர்ற அந்தக் கப்பல்காரன் திரும்பி வந்தானா இல்லையான்னு முடிவு பீரோவுக்குக் கீழ இருக்கு. உன்கிட்ட கேக்க எனக்கு என்ன தலையெழுத்தா?"

முதலில் சிரித்தது கணவன்தான். பிறகு அவள். நாத்தனார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத, வலிக்குது," என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். மூன்று பேருமாகப் பீரோவைத் தூக்கினார்கள். நசுங்கிய பின்பாதியை நாத்தனார் தட்டி, ஊதி, மாடிக்குக் கொண்டுபோனாள். கணவன் ஒரு கட்டையைச் சீவி அடியில் செருகினான்.

மூன்று மதியங்களில் ஒன்பதாம் அத்தியாயம் முடிந்தது. கிழித்த பாதியை ஒளித்து வைத்துப் படித்துவிட்டு, தினமும் வந்து பீரோவின் காலை முறைத்துவிட்டுப் போகிற ஒருத்தி அதில் இருந்தாள். பதிப்பாளர் கடை வாசலில் நின்றபடியே படித்தார். நோட்டு கேட்டு வந்த ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"இப்ப நாத்தனார் வந்துட்டா," என்றார் பதிப்பாளர்.

புத்தகம் வந்த வாரம் நாத்தனாருக்குப் பல்லுக்கு உறை போட வேண்டியிருந்தது. தன் பிரதியைக் கையோடு கொண்டுவந்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள். டோக்கனை ஒருமுறை கூப்பிட்டாள் அவள். இரண்டுமுறை. மூன்றுமுறை. நான்காவது தடவைக்கு டாக்டரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ரொம்ப வலியா?"

"வலியெல்லாம் இல்ல டாக்டர்," என்றாள் நாத்தனார், தலை நிமிராமல். "இன்னும் பதினாறு பக்கம் இருக்கு. வேற யாரையாவது கூப்பிடுங்க."

அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.