எண்பது மார்க்குக்கும் பாஸ்

அவளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் அது பொய்.

எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். ஒரே ஒரு மெஷின். அதற்குக் குங்குமம் வைத்து, ஏசி போட்டிருந்தார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். புரோகிராமை நோட்டில் முழுசாக எழுதிய பிறகுதான் கீபோர்டைத் தொட விடுவார்கள். ஆளுக்கு அரை மணி நேரம்.

அங்கே உதவி டீச்சர் வேலை ஒன்று வந்தது. ஒரு பயிற்சியைக் கொடுத்து, சனிக்கிழமைக்குள் யார் சரியாக ஓட்டிக் காட்டுகிறார்களோ அவர்களுக்கே வேலை என்றார் சார். எனக்கு அது வெறும் வேலை இல்லை. "வேலை கெடச்சா கல்யாணத்த தள்ளிப் போடலாம். இல்லன்னா செங்கத்து மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிடுவேன்" என்று அப்பா கெடு வைத்திருந்தார். கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்ற அவளுக்கு இது நன்றாகத் தெரியும். இந்த சென்டரிலும் என்னோடுதான் சேர்ந்திருந்தாள், அதே வேலைக்கு அவளும் பேர் கொடுத்திருந்தாள்.

மார்க்கைக் கொடுத்தால் மெஷின் ரிசல்ட் சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், குறைந்தால் ஃபெயில், அறுபதைத் தொட்டால் ஃபர்ஸ்ட் கிளாஸ். என்னுடையது எண்பதுக்கும் பாஸ் என்றது, தொண்ணூற்றைந்துக்கும் வெறும் பாஸ். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் நோட்டை அவளிடமே நீட்டினேன்.

விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. நான் அதைப் பார்த்தேன்.

"எல்லாம் கரெக்டாதான்டி இருக்குது. மெஷின்லதான் ஏதோ கோளாறு. ஏசிய ஜாஸ்தி வச்சிட்டாங்களோ என்னமோ."

நம்பினேன், மடச்சி! சனிக்கிழமை அவளுடையது சரியாக ஓடியது. என்னுடையது அப்போதும் பாஸ் பாஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் கையில் சாக்பீஸ். எனக்குக் கோர்ஸ் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் நான் பெஞ்சில். முதல் பாடமே என் வரிகள்தான். அப்படியே போர்டில் எழுதினாள்.

"பாஸான்னு மொதல்ல கேட்டா, ஆமான்னதும் மெஷின் அங்கயே முடிச்சிக்கும். அறுபதான்னு கேக்கவே கேக்காது. அதனால அறுபதத்தான் மொதல்ல கேக்கணும்."

எங்கள் வீட்டில் ரிசல்ட் வந்தால் "பாஸா?" என்பார்கள். ஆமாம் என்றதும் பேச்சு முடிந்தது. பெண் பிள்ளையின் மார்க்கை யார் கேட்டார்கள்? நானும் அதே வரிசையில்தான் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் மறித்தேன். "அன்னிக்கே உனக்குத் தெரியுமில்ல? ஏன்டி சொல்லல?"

அவள் கண் கலங்கியது. பேச்சு மட்டும் தடுமாறவில்லை.

"சொல்லியிருந்தா நீ போர்டுகிட்ட நின்னிருப்ப. நான் பெஞ்சில உக்காந்திருப்பேன்."

பாவி, அதையாவது மறைக்காமல் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை செங்கத்துக்காரர்கள் எனக்குப் பூ வைக்க வந்தார்கள். யாரும் கூப்பிடாமலேயே வந்து, என் அம்மாவோடு அடுப்படியில் நின்று, அத்தனை பேருக்கும் காபி கொடுத்தவள் அவள்தான்.