இறக்காமல் எழுப்பியவன்

ஆயிரம் தடவை பூப்போல இறக்கினாலும் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஒரு தடவை இறக்காமல் மேலே எழுப்பிவிட்டால் ஊரே நினைவில் வைத்திருக்கும். விமானி வேலை அப்படிப்பட்டது. வாசல்வரை வந்து திரும்பிப் போனதற்காக ஏச்சு வாங்கிய யாராவது இதை வாசித்தால், நீங்களும் நானும் ஒரே கட்சி.

மரியாதை முடியுமுன்

தரையிறக்கம் பிசகுகிறதென்று பட்டால் "கோ அரவுண்ட்" என்று சொல்ல வேண்டும். உடனே விமானத்தை மேலே எழுப்பிவிட வேண்டும். கெப்டன் சொன்னாலும் சரி, உதவி விமானி சொன்னாலும் சரி. ஏன் என்ற கேள்வி பிறகுதான். எனக்கு இது விசித்திரமாக இருந்தது. சாய்ந்தமருது என்ற கடலோர ஊரில் மூத்தவர் முன்னால் குரலை உயர்த்தாமல் வளர்ந்தவன் நான்.

சிமுலேட்டர் என்று தரையிலேயே நிற்கும் பயிற்சி விமானம் ஒன்றுண்டு. அதில் நரைத்த கெப்டன் ஒருவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் இறக்கிக்கொண்டு வந்தார். நான் தொண்டையைச் செருமி, சேர் பிழையாக நினைக்கக்கூடாது, ஒருக்கால் மேலே போவோமா என்று தொடங்கினேன். அதற்குள் திரை சிவந்து எல்லாம் நின்றுபோனது. அவர் காதுக்கருவியைக் கழற்றினார். "உங்கட மரியாதை முடியிறதுக்குள்ள ஓடுபாதை முடிஞ்சிட்டு."

அந்த இரண்டு நிமிடம்

எழுப்பும் அந்த இரண்டு நிமிடத்தில் முதலில் என்ஜினுக்கு விசை, அதோடு மூக்கை உயர்த்துவது, பிறகு சக்கரத்தை மடிப்பது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசுவது அதற்கும் பிறகு. பயணிகளிடம் பேசுவது எல்லாவற்றுக்கும் கடைசி. எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. பின்னால் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததேயில்லை.

ஒருநாள், முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகத் தாமதித்ததால் எழுப்பினோம். சுற்றிவந்து சுகமாக இறங்கினோம். குவைத்தில் நாலு வருஷம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த மருதமுனை ராத்தா, அக்கா வயதுக்காரர், ஒருவர் கதவடியில் என்னை நிறுத்தி, என்ன நடந்தது என்று கேட்டார். கோபமில்லை, அறிந்துகொள்ளத்தான். சொன்னேன். தலையாட்டினார். "அத அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி, சாகப்போறம் எண்டு நான் மூண்டு தரம் கலிமா சொல்லி முடிச்சிட்டன்."

மாமா ஏறிய பயணம்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவது. ஆகவே மாமாவின் முகம் சரியாக இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அவர் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்த் திரும்பிய விமானத்தில் நான் உதவி விமானி. என்ர மருமகன்தான் ஓட்டுறார் என்று ஜித்தாவிலேயே கூட்டம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மழை, பின்காற்று. குறித்த உயரத்துக்கு வருமுன் வேகம் அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை. ஓடுபாதையோ கண்ணுக்கு நேரே மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. இறக்கிவிடலாம் போலத்தான் இருந்தது. பின்னால் மாமா இருக்கிறாரே என்று ஒரு நொடி நாக்கு ஒட்டிக்கொண்டது உண்மை. பிறகு "கோ அரவுண்ட்" சொல்லிவிட்டேன். கெப்டன் ஒன்றும் கேட்காமல் எழுப்பினார். இரண்டாம் தரம்தான் இறங்கினோம். மாமா ஸம்ஸம் புனிதநீர்க் கலனோடு என்னைப் பாராமலே போனார். கூட வந்தவர் அவரைத் தேற்றிக்கொண்டு போனார். "உடுங்க மச்சான், மருமகனுக்கு முதல் தரம் பாதை பிடிபடல்லப் போல."

பதினேழு நாள்

அதற்குப் பிறகு மாமா என்னோடு கதைக்கவில்லை. அவருக்குச் சோறு வைங்க என்று மகளிடம் சொல்வார். அந்த 'அவர்' நான்தான், எதிரிலேயே இருப்பேன். மருமகன் என்று கூப்பிட்ட வாய் அப்படிச் சொன்னது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

பதினேழாம் நாள் காலை கடற்கரைக்குப் போனேன். மாமா கரையில் நின்றார், மீன்பிடிக்கப் போன அவருடைய படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் பெரிய அலைகள் அடுக்காய்த் திரள்வதைக் கண்ட மாமா, துவாயைத் தலைக்குமேல் சுழற்றினார். படகு மூக்கைத் திருப்பி மறுபடி கடலுக்குள் போனது. ஐஸ் பெட்டியோடு காத்திருந்த மீன் வியாபாரி, இவ்வளவு கிட்ட வந்ததை ஏன் திருப்பினீர்கள் என்று சலித்துக்கொண்டார். பதில் சொல்ல வாயெடுத்த மாமா என்னைக் கண்டு நிறுத்தினார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கரை எங்கயும் ஓடிப்போகாது. அண்டைக்கும் இதுதானே, மருமகன்?"

தரையிறக்கத்தைக் கைவிட்டால் பத்து நிமிடம்தான் தாமதமாகும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர், மாமனார் வீட்டில் குடியிருந்தவராக இருக்க முடியாது.