அந்தோணியார் படச் சட்டத்தில் ஒரு கூடு

ரோசம்மா இருபத்துமூன்று வருடமாக உயிர்களைக் கொன்று சம்பளம் வாங்குகிறவள். கரப்பான், கரையான், எலி என்று அவள் பேதம் பார்த்ததில்லை. ஜுருவில் அவள் வேலை செய்த பூச்சி மருந்துக் கம்பெனியில் அவளைவிட மூத்த ஆள் யாரும் கிடையாது. டத்தோ கிராமாட்டில் ஒரு ஃப்ளாட்டின் தரைத்தளத்தில் தனியாக இருந்தாள். புருஷன் ஓடிப்போய்ப் பத்து வருடமாகிறது. மருந்து வாடை தாங்காமல் போய்விட்டான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருந்தபோது ஒரு தோக்கே, சீன முதலாளி, வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வாசலில் அலங்காரத்துக்கு வாங்கி வைத்த லீமாவ் என்கிற குட்டி ஆரஞ்சுச் செடிகளை ஏதோ தின்கிறதாம். வேன் ஓட்டும் சாதிக்கோடு போனாள்.

இலைமேல் பறவை எச்சம்போல ஏதோ கிடந்தது. விரலால் சுண்டப் போனாள். எச்சம் நகர்ந்தது. பக்கத்துக் கிளையில் விரல் நீளத்துக்குப் பச்சைப் புழு ஒன்று. மருந்துக் குழாயின் முனையால் அதைத் தட்டினாள். புழு தலையைத் தூக்கி, பிடரியிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டியது. ஊசிப்போன ஆரஞ்சு நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது.

ரோசம்மா குழாயை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா, அடிக்கலையா?" என்றான் சாதிக்.

"இத்தன வருசத்துல என்னைய எதிர்த்துப் பேசின முத பூச்சி இதுதான்லா. பழத்துல மருந்து பட்டா வர்ற விருந்தாளி வயிறு போயிரும்னு தோக்கேகிட்ட சொல்லு. நான் கையாலயே பொறுக்கிக்கிறேன்."

பதினாறு புழுக்கள் அவளுடைய சோற்று டப்பாவில் ஏறி வீட்டுக்கு வந்தன.

வந்ததுகள் விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளவில்லை. வாசலில் இருந்த எலுமிச்சைத் தொட்டியை இரண்டே நாளில் மொட்டை அடித்தன. எச்சம்போல இருந்த குட்டிகள் தோலுரித்துப் பச்சையாகி, இன்னும் கேட்டன. அவள் எதிர்வீட்டு ஹாஜராவின் எலுமிச்சைச் செடியில் கைவைத்தாள்.

"ஏங்க ரோசம்மா, உங்க வீட்டுப் புழுவுக்கு என் வீட்டு எலையா?"

"பாவம்க்கா, பசி."

"பசின்னா பசார்ல வாங்கிப் போடுங்க. நாளைக்குப் பூனைக்குட்டி வளர்த்தா என் மீன்கறியவும் கேப்பீங்க."

திட்டிக்கொண்டே இரண்டு கிளையை ஒடித்தும் கொடுத்தாள்.

நான்கு புழுக்கள் கறுத்துச் செத்தன. செத்த பூச்சியைப் பார்த்தே பிழைத்தவள்தான், ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவை ஊர்ந்துபோய் ஜன்னல் கம்பியிலும் துணிக்கொடியிலும் இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூடாகின. ஒன்று மட்டும் சுவரேறி, புனித அந்தோணியார் படத்தின் சட்டத்தில் தொங்கியது. மெழுகுவர்த்தி ஏற்றினால் கூடு வெந்துபோகும்.

"பத்து நாளைக்கு இருட்டுலயே இருங்க சாமி, ஒண்ணும் கொறஞ்சிட மாட்டீங்க," என்றாள் ரோசம்மா.

பத்தாம் நாள் சனிக்கிழமை. அன்று காலை ஜெபக் கூட்டம் அவள் வீட்டு முறை. சர்ச் பங்கில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தும் ஆரோக்கியநாதன் ஒன்பது பெண்களோடு வந்து, மெழுகுவர்த்தி இல்லாததைப் பார்த்து முகம் சுளித்தார். ஜெபமாலையில் மூன்றாவது மணியை உருட்டும்போது கூடு வெடித்தது. ஈரமாய்க் கசங்கிய ஒன்று வெளியே வந்து சட்டத்தில் தொங்கியது. ஜெபமாலை முடிவதற்குள் சிறகு விரிந்து காய்ந்தது. கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள், கீழே ஒரு சிவப்புப் பொட்டு, வால் கிடையாது.

"அற்புதம்," என்றார் ஆரோக்கியநாதன், சிலுவை போட்டுக்கொண்டு.

"அற்புதமும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. எலுமிச்சை தின்ன புழு."

பூச்சி பறந்துபோய் அவர் வெள்ளைச் சட்டைத் தோளில் உட்கார்ந்தது. பழுப்பாய் ஒரு சொட்டு விட்டுவிட்டு ஜன்னல் வழியே போயிற்று. அந்தக் கறையை அவர் துவைக்கவே இல்லை என்று பங்கில் பேசிக்கொண்டார்கள்.

மறுவாரம் சேதி கேள்விப்பட்டுப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இரண்டு பெண்கள் காரில் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருத்தி தலையில் துணி கட்டியிருந்தாள், புருவம்கூட இல்லை. மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் மூன்று தடவை பாக்கியாம்.

"அந்தப் படத்தக் கொஞ்சம் பாக்கலாமாக்கா?"

சட்டத்தில் காலிக்கூடு காய்ந்த இலைபோல ஒட்டியிருந்தது. துணி கட்டியவள் கிட்டே போய் அதைப் பார்த்தாள். "நெஜமாவே இதுலருந்துதான் வந்துச்சா?" என்று கேட்டாள்.

புழு, எச்சம், நாற்றம் என்று ஒரு பாரம் விளக்கம் ரோசம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவள் அதை விழுங்கினாள்.

"ஆமாம்மா. நான் என் கண்ணால பாத்தேன்."

ஸ்டூலைப் போட்டு ஏறி, நகத்தால் மெதுவாகக் கூட்டைப் பெயர்த்து, டிஷ்யூவில் மடித்து அவள் கையில் வைத்தாள். பிறகு ஆளுக்கொரு டீ போட உள்ளே போனாள்.