சுகமாகும் முன்னே கேட்ட சாட்சி

சகோதரங்களே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு வருவார்கள். நான் கோபத்தோடு வந்திருக்கிறேன். ஆண்டவர் கேட்டதும் நான் கோபத்தோடு செய்த செபத்தைத்தான். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் குருநகர்க்காரி. என் கணவர் கடலுக்குப் போகிறவர். எனக்குக் குடலில் ஆறாத புண். வைத்தியர்கள் அதை க்ரோன்ஸ் வருத்தம் என்பார்கள். வருடக்கணக்காக வயிற்றுவலியும் இரத்தப்போக்கும். எங்கே போனாலும் முதலில் கக்கூசு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பூசை நடுவில் எழும்பி ஓடினால், பக்தியில்லாதவள் என்று பின்னால் குசுகுசுப்பார்கள். போதாக்குறைக்கு, வருத்தத்துக்கு விழுங்கத் தந்த ஸ்டீரொய்ட் குளிசைகளால் முகம் வட்டமாக வீங்கிவிட்டது. "நல்லாக் கொழுத்திட்டீர்" என்று சந்தையில் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன தவக்காலத்தில் வருத்தம் கூடியது. கஞ்சிகூட வயிற்றில் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் செபக்கூட்டத்துக்கு ஒருவர் வரத் தொடங்கினார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் சேர்ப்பவர். ஸ்டெம் செல் ஏற்றினால் குடல் புதிதாகிவிடும், பிறகு குளிசையே தேவையில்லை என்றார். வசனத்துக்கு வசனம் ஆண்டவரின் பெயரும் சொல்வார். அங்கே போய்ச் சுகமான பெண்களின் சாட்சிகளைப் போனில் காட்டினார். எல்லோரும் வட்ட முகத்தோடு சிரித்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து நான் அழுதேன்.

"நீ படுற பாட்டைப் பாக்கேலாமல் கிடக்கு. படகை வித்தெண்டாலும் போவம்" என்றார் கணவர். அந்தப் படகுதான் எங்கள் பிள்ளைகளின் சோறு.

நான் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். அதைச் செபம் என்று சொல்ல முடியாது. சண்டை பிடித்தேன். "ஆண்டவரே, இப்பிடி வருத்தம் அரிச்சுத் தின்னக் குடுக்கவோ என்னைப் படைச்சனீர்? உவர் சொல்லுறது உண்மையெண்டால் வழியைத் திறவும். பொய்யெண்டால் எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்."

அடுத்த நாளே அந்த ஆள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, உங்கடை சாட்சியை இப்பவே வீடியோ எடுப்பம்."

"என்ன சாட்சி? நான் இன்னும் போகேல்லையே."

"சுகமாகிட்டன் எண்டு சொல்லுங்கோ. இப்பதான் முகம் பூரிச்சு வடிவா இருக்கு. அங்கை போய்க் குளிசையை நிப்பாட்டினால் முகம் வத்திப்போகும். பிறகு ஆர் நம்புவினம்?"

போனில் பார்த்த பெண்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அது சுகமான முகமில்லை. என்னைப்போலக் குளிசையால் வீங்கிய முகம். அவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆண்டவர் பெயரை வைத்துச் செய்கிற வேலையா இது?

"எழும்பும். வெளியாலை போம்" என்றேன். கணவர் எழும்பிப்போய் வாசல் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் செபத்துக்குப் பதில் அந்தப் பொய்யனின் வாயாலேயே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் என் வைத்தியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஸ்டெம் செல் பொய்யில்லை அம்மா. பெரிய ஆஸ்பத்திரியளிலை, வேறை வழியில்லாத சிலருக்கு ஆராய்ச்சியாச் செய்யினம். அதிலையும் உயிராபத்து இருக்கு. உப்பிடி ஆள் சேர்க்கிறவை விக்கிறது வேறை சாமான். குளிசையைத் திடீரெண்டு விட்டிருந்தால் உயிருக்கே வினையா முடிஞ்சிருக்கும்" என்றார். பிறகு மருந்தை மாற்றி ஊசி தொடங்கினார். சில மாதங்களில் இரத்தம் நின்றது. சோறு சாப்பிடுகிறேன். வலி இடைக்கிடை வரும், போகும்.

வருத்தத்தோடு இருக்கிற சகோதரங்களே, ஆண்டவரிடம் கோபத்தோடும் போங்கள். அவர் கோவிக்க மாட்டார், கேட்பார். என் செபத்தையும் கேட்டார். அவருக்கு என் நன்றி சாகும்வரை இருக்கும்.

அந்த ஆள் இப்போது மயிலிட்டிப் பக்கச் செபக்கூட்டங்களுக்குப் போகிறாராம். அங்கே சொந்தக்காரர் இருப்பவர்கள் இன்றைக்கே போன் எடுங்கள். குருநகரில் ஒருத்தி சுகமாகவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.